ஒதிய மரத்து வட்டம்

கண்ணு,

இங்கே திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் மாமாவின் வலது காலில் சுண்டுவிரலை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பாதம் தப்பிவிட்டது. காய்ச்சல் இறங்கியிருக்கிறது, சர்க்கரைக்கு ஊசி போடுகிறார்கள், நேற்று இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பவித்ரா உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். இருந்தாலும் இதை முதலில் எழுதிவிடுகிறேன். இது தெரியாமல் நீ மீதியைப் படிக்க வேண்டாம். உனக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம் நின்றுபோகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. மாமாவே சொல்கிறார், "மெட்டி போட வேண்டியது எம் பொண்ணு காலுக்கு. என் கால்ல ஒண்ணு கொறைஞ்சா இன்னா தங்கச்சி?" என்று. அதைக் கேட்டு அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி, புதூர்நாட்டுக்கு வரும் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வருத்தமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக இருக்கும், இல்லை என்றால் பொய்யாகும். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். தட்டு சூடாக இருக்கிறது என்று தெரியும், ஆனால் சுடாது. உன் அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. பஸ் ஏறுகிறேன், சமைக்கிறேன், புத்தகம் படிக்கிறேன், நீ பேசாமல் இருப்பதும் தெரிகிறது. கையுறைக்கு வெளியே தெரிகிறது. பரிசத்தன்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாததற்கும் அதுதான் காரணம். பதில் இல்லாமல் இல்லை. வாய் வரைக்கும் அதைக் கொண்டுவர எதுவும் என்னிடம் இல்லை. எழுதுவதானால் அவசரம் வேண்டாம், ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம் என்று தோன்றியது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்குத் தாய் சொல்ல வேண்டியது என்று ஏதாவது இருந்தால் அதுவும் இதற்குள்ளேயே வரட்டும்.

பரிசம் போடப் போன அன்று தாம்பாளங்களோடு பவித்ரா வீட்டுக்குள் நுழைந்தபோது, வாசலுக்கு வந்து கூப்பிட வேண்டிய மாமா கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் பேசிய பேச்சு அப்படி. காலின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசனையை நான் வேலை செய்யும் இடத்திலும் முகர்ந்திருக்கிறேன், உன் அப்பா படுத்திருந்த அறையிலும் முகர்ந்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாண்ணே, காலை மூடி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. செருப்பு கடிச்சிச்சு. மாப்ள மருந்து வெச்சுக் கட்டியிருக்காரு."

"இன்னா மருந்து?"

"நல்லா கேட்ட போ! உன் மருந்து. என்னைக் கேக்கற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு சக்கர இருக்குதாண்ணே?" என்றேன். அவர் குரலை உயர்த்தி, "ரேசன்ல போட்டான், வூட்ல நெறையக் கீது. ஏம்மே, சம்பந்தி காப்பில இன்னும் ரெண்டு ஸ்பூன் போடு" என்றார். மறுபடியும் சிரிப்பு. நான் தரையில் உட்கார்ந்து துண்டை எடுத்துவிட்டுக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பூ வெச்சுப் பேச வந்த எடத்துல புண்ணத் தொறந்துக்கினு ஒக்காந்துட்டாளே" என்றது. துணிக்குக் கீழே பச்சையாக அரைத்த ஒதிய இலை. அதற்குக் கீழே விரல் கறுத்திருந்தது. கறுப்பு விரலோடு நிற்காமல் மேலே சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

நீ என் தோளைத் தொட்டு, "அம்மா, வுடு. நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் ஜீப்பை எடு என்றேன். நீ எடுக்கவில்லை. சாமை மூட்டை ஏற்ற வந்திருந்த இன்னொரு ஜீப்பில் மாமாவைத் தூக்கி உட்கார வைத்தோம். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லவில்லை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய். "அப்பாவுக்கு ஃபிரிட்ஜ்ல இருந்ததை எடுத்துக் குடுக்கல. நான் எலயக் குடுத்தா அதையும் பிரிச்சிப் போடற. உனக்கு இன்னாதாம்மா வேணும்?"

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ முழுவதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிதான் உன் கையில் வந்திருக்கிறது. அந்தப் பாதியைத்தான் படமாக அப்பாவின் ஜீப் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுகிறாய்.

அந்தப் படத்தின் கதை உனக்குத் தெரியும், ஆனால் ஆரம்பம் தெரியாது. என்னை உன் அப்பாவுக்குக் கொடுத்தபோது என் வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லை. ஆள் மட்டும் வாட்டசாட்டமாக இருக்கிறான், ஒரு வேலையில் நிலைக்க மாட்டேன் என்கிறான் என்று பேச்சு. என் அப்பா எல்லார் முன்னாலும், "ஒதி பெருத்தா உத்திரத்துக்கு ஆவுமா?" என்று கேட்டுவிட்டார். நம் பக்கத்தில் ஒதிய மரத்துக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான். வேலிக்கு ஊன்றலாம், ஊன்றின இடத்தில் தழைத்துக்கொள்ளும், வேறெதற்கும் உதவாது. அதைக் கேட்டு உன் அப்பா சிரித்தாராம். அதன் பிறகு எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம், "நான் ஒதியன், என்கிட்ட போயி நீ நாயம் பேசற" என்று தானே சொல்லிக்கொள்வார். அந்த மனிதர்தான் நீ கைக்குழந்தையாக இருந்தபோது, படிப்பை விட்டுவிட்டேன் என்று சொன்ன என்னைத் தினமும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பத்தூரில் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். ஜீப்பில் வரும் பலாப்பழத்துக்கும் புளி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் பாடம் படித்தேன்.

பிறகு அதே ஊரில் ஆய்வுக்கூட வேலை கிடைத்தது. வேலை இதுதான். செடிகளின் தோலுக்குக் கீழே, இலைக்குள்ளும் கிளைக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. செடிக்கு அவற்றால் நோய் வருவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒரு குடித்தனம் உள்ளே நடப்பதே தெரியாது. அவற்றில் சில, மற்ற கிருமிகளைக் கொல்லும் பொருள் ஒன்றைச் சுரக்கின்றன. இப்போது ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டதால், புதிய மருந்து எங்கேயாவது கிடைக்குமா என்று உலகம் முழுக்க இப்படித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜவ்வாது மலைக் காட்டிலிருந்து கிளைகளை வெட்டிக்கொண்டு வந்து, உள்ளே குடியிருப்பதை வெளியே வரவழைத்துப் பார்ப்பது எங்கள் பங்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொண்டுவந்திருந்த கிளைகள் எல்லாம் கெட்டுப்போய், மறுநாள் வெறுங்கையோடு போக வேண்டிய நிலை. உன் அப்பா வேலி அடைக்க ஒதியங்கிளையை வெட்டிக்கொண்டிருந்தார். நீயும் அங்கேதான் சுள்ளிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"இந்தா டாக்டரம்மா, இதை எடுத்துக்கினு போ."

"போயும் போயும் ஒதியனையா?"

"எதுக்கும் ஆவாதுன்னு எல்லாரும் வுட்டுட்டாங்க இல்ல. அப்ப எவனும் உள்ள பாத்திருக்க மாட்டான்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். நானும் விளையாட்டாகத்தான் கொண்டுபோனேன். கிளையை ஓடுகிற தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கி, பிளீச்சில் முக்கி, மறுபடியும் ஸ்பிரிட்டில் முக்கி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசுவோம். வெளித்தோலில் ஒட்டியிருக்கும் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. கடைசியாக அலசிய தண்ணீரையும் கொட்டிவிட மாட்டோம். அதிலிருந்தும் சில சொட்டு எடுத்து ஒரு தட்டில் ஊற்றி வைப்போம். அதில் ஏதாவது முளைத்தால், கிளையிலிருந்து முளைத்தது உள்ளேயிருந்து வந்ததா வெளியில் ஒட்டியிருந்ததா என்று சொல்ல முடியாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அன்றைக்கு அந்தத் தண்ணீர்த் தட்டு வெறுமையாகவே இருந்தது. சில நாள் கழித்து ஒதியங்கிளையின் வெட்டுவாயிலிருந்து மட்டும் வெள்ளையாகப் பஞ்சு போல ஒரு பூஞ்சை எட்டிப் பார்த்தது. அதை வளர்த்து, அது வளர்ந்த நீரில் ஒரு சிறு காகிதப் பொட்டை நனைத்து, புண்ணில் சீழ் வைக்கிற ஒரு கிருமியைப் பரப்பிய தட்டின் நடுவில் வைத்தேன். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளைப் படலமாகப் படர்ந்திருந்தது, பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் இல்லை. சுத்தமான வட்டம்.

அந்த வட்டத்தைப் போனில் படம் பிடித்து உன் அப்பாவுக்கு அனுப்பினேன். அனுப்பும்போது எனக்கு இருந்த சந்தோஷம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது, சாப்பிட்ட ஒரு பண்டத்தின் பெயர் ஞாபகம் இருப்பது போல. அவர் அதை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற கடைக்குப் போய், பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, ஜீப் கண்ணாடியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள்.

"இன்னாபா இது, நெலா கோட்டை கட்டியிருக்குதா?"

"நெலா இல்ல மாமோய். மருந்து. எம் பொண்டாட்டி கண்டுபுடிச்சது. எதுலேர்ந்து தெரியுமா? ஒதியன்லேர்ந்து!"

என் அப்பாவை ஏற்றிக்கொண்டு போன அன்று மட்டும் ஒன்றும் பேசவில்லையாம். அவர் கண்ணுக்கு நேராகத் தொங்கும்படி கயிற்றைச் சரிசெய்துவிட்டு ஓட்டினாராம். உன் அப்பாவைக் குறை சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. வாழ்க்கை முழுக்க உதவாத மரம் என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, அந்த மரத்துக்குள் ஏதோ இருந்தது என்று தெரிந்தால் வேறென்ன செய்வார். மலை முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. வட்டம் உண்மைதான்.

இனி எழுதப்போவதை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. வட்டம் வந்த பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கும். கிருமியைக் கொல்கிற பொருள் எதையெல்லாம் கொல்லும் என்று பார்க்க வேண்டும். நெருப்பும் கிருமியைக் கொல்லும், ஆசிட்டும் கொல்லும். முதல் சோதனை ரத்தத்தில். ரத்தம் கலந்த சிவப்புத் தட்டில் அதே மாதிரி பொட்டை வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அங்கேயும் வட்டம். சிவப்பு நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளிவாக, முதல் தட்டில் இருந்தது போலவே அழகான வட்டம். அந்தப் பொருளுக்குச் சீழ்க்கிருமிக்கும் மனிதனுடைய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டையும் உடைத்தது. நம்பாமல் என் கையிலிருந்தே ரத்தம் எடுக்கச் சொல்லி மறுபடியும் செய்தேன். அதுவும் உடைந்தது. எங்கள் தொழிலில் இது பெரிய துக்கம் இல்லை. இப்படி வருகிற வட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் முடியும். வெறும் ஒதிய இலையையும் அரைத்து வைத்துப் பார்த்திருந்தேன். அதற்கு வட்டமே வரவில்லை, இலைச்சாற்றின் மேலேயே கிருமி ஏறிப் படர்ந்திருந்தது. உள்ளே குடியிருப்பது வேறு, மரம் வேறு. மரத்துக்குள் இருக்கும்போது அது அந்தப் பொருளைச் சுரக்கிறதா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இதை உன் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். "அப்ப கொஞ்சமா போட்டா சரியாப் பூடும்" என்றார். இல்லை என்றேன். "உனக்கு எதுலயும் பயம்" என்று சொல்லிச் சிரித்தார். சிவப்புப் படத்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன்.

ஜாக்கி நழுவி அவர் கால் நசுங்கியது நான் கீழே திருப்பத்தூரில் வேலையில் இருந்த வாரம். போனில் என்னிடம் சொல்லவில்லை, உன்னையும் சொல்ல விடவில்லை. சனிக்கிழமை நான் மேலே வந்தபோது பாதம் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். "ஆஸ்பத்திரி எதுக்கு? உன் லேப் ஃபிரிட்ஜ்லேர்ந்து ஒரு சின்ன பாட்டில் கொண்டாயேன்" என்றார். ரத்தத்தை உடைக்கும் என்று மறுபடியும் சொன்னேன். "ஊருக்கே தெரியும் உன் மருந்து. எனக்கு மட்டும் இல்லியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, கொஞ்சலாகத்தான் கேட்டார். புதுப்புடவை வாங்கித் தரும்போது நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொள்வேன் இல்லையா, அதேபோல இதற்கும் நான் இறங்கி வந்துவிடுவேன் என்று நினைத்துக் காத்திருந்தார். கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போக நான் வண்டி பேசினேன். பேசிய வண்டி வருவதற்குள் தன் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காலோடு பலாப்பழ லோடுக்குப் போய்விட்டார். குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் வேலூருக்குப் போனோம். அவருடைய புண்ணிலிருந்து எடுத்த கிருமியின் ரிப்போர்ட்டை என்னிடம்தான் கொடுத்தார்கள், படிக்கத் தெரிந்தவள் என்று. எந்த மருந்துக்கும் அது அடங்காது என்றுதான் ஒவ்வொரு வரியும் சொல்லியது. ஜீப்பில் தொங்குகிற படத்தில் இருப்பது வேறு கிருமி, ஆய்வுக்கூடத்தில் பழகிய சாதுவான ஒன்று. அவர் காலில் இருந்தது அது இல்லை.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் சித்தப்பா, "ஃபிரிட்ஜ்ல மருந்த வெச்சிக்கினு புருசனச் சாவவுட்டுட்டா" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. நீ பள்ளிக்கூடச் சட்டையோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தாய். நான் அப்போதே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் கையில் அவருடைய செருப்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம்.

காரியம் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அந்தப் பூஞ்சையை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அப்படி மாற்றிக்கொண்டு வந்ததில் வட்டம் மெல்லச் சுருங்கியது. பிறகு ஒருநாள் வரவே இல்லை. செடிக்குள் இருந்த பூஞ்சைகள் பலவற்றுக்கும் இப்படி ஆவதுண்டு. மரத்தை விட்டுப் பிரிந்து நாளாகிவிட்டால் சுரப்பதை நிறுத்திவிடும். அது நன்றாகத்தான் இருக்கிறது. போட்ட சாப்பாட்டைத் தின்கிறது, வெள்ளையாக வளர்கிறது. எந்தச் சோதனையிலும் கெட்டுப்போனதாகத் தெரியாது. சுரப்பதில்லை, அவ்வளவுதான். நான் அதைத் தூக்கி எறியவில்லை. இப்போதும் மாற்றி வைக்கிறேன்.

ஆக, ஃபிரிட்ஜில் மருந்து இருந்ததா என்று நீ கேட்டால், இல்லை. பூஞ்சை வளர்ந்த நீர் ஒரு சிறு பாட்டிலில் இருந்தது. அதை அவருக்குப் போட்டிருந்தால் கிருமி சாவதற்கு முன்னால் அவர் ரத்தம் உடைந்திருக்கும். என் கையால் அது நடந்திருக்கும். இதை எழுதும்போது எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வராவிட்டாலும் இது உண்மைதான்.

நீ இலை கொடுப்பது எனக்கு முன்பே தெரியும். அப்பா ஞாபகமாகக் கொடுக்கிறாய், காசு வாங்குவதில்லை, கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை என்று பவித்ரா பெருமையாகத்தான் சொன்னாள். கீறலுக்கும் கொப்புளத்துக்கும் கொடுக்கிறாய், அது தானாகவே ஆறிவிடும், போகட்டும் என்று இருந்தேன். மாமாவின் காலைப் பார்க்கும் வரை அப்படித்தான் இருந்தேன். அவருக்கு நீ கெட்டது நினைக்கவில்லை. உன் அப்பாவுக்குக் கிடைக்காததை இன்னொரு மனிதருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பாய். ஆனால் அந்த இலைக்கட்டு அவருக்குச் செய்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொன்னது. உன் அப்பாவிடம் அந்தப் படம் சொன்னதும் அதைத்தான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு என்ன போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா போன அதே வழியில் பவித்ராவின் அப்பாவையும் அனுப்பிவிட்டு நீ அவளோடு மணவறையில் உட்கார வேண்டியிருந்திருக்கும். இதை உன்னை வதைக்க எழுதவில்லை. நடக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

பவித்ரா நர்சிங் படித்துக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தெரியாத ஏதாவது ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கும், தினமும். அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசு. உன் அப்பா பேசியதைப் போல ஊர் முழுக்கப் பேசு, அதில் ஒரு குறையும் இல்லை. அவள் ஏதாவது நல்லது சொல்லும்போது கேட்கிற காதை, வேண்டாம் என்று சொல்லும்போதும் வைத்துக்கொள். ஏன் வேண்டாம் என்று கேள். பயப்படுகிறாள் என்று நீயே முடிவு செய்துவிடாதே. உன் அப்பா என்னை நம்பினார், யாரும் யாரையும் அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் காட்டியதை நம்பினார், சொன்னதை நம்பவில்லை. இதற்கு மேல் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு படம் இருக்கும். சிவப்புத் தட்டு. என் போனில் இத்தனை நாளாக இருந்ததுதான். நேற்று மாமா தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற அதே கடைக்குப் போய், அதே அளவில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து வாங்கினேன். கடைக்காரர், "ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணு போட்டாரும்மா, நெலா கணக்கா இருக்கும்" என்றார். ஆமாம் என்றேன். முதல் படத்தை நீ கழற்ற வேண்டாம். அது உன் அப்பா தன் கையால் கட்டியது, அங்கேயே இருக்கட்டும். இதை அதன் முதுகோடு முதுகாக வைத்துக் கட்டு. ஜீப் மலை ஏறும்போது அது எப்படிச் சுற்றும் என்று உனக்குத் தெரியும். ஒரு வளைவில் அந்தப் பக்கம் தெரியும், அடுத்த வளைவில் இந்தப் பக்கம்.

வெள்ளிக்கிழமை மாமாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலைத் தொங்கவிடக் கூடாதாம், பஸ்ஸில் முடியாது. உன் வண்டி வேண்டும். அவர் முன் சீட்டில் உட்காரட்டும், நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன். படம் அவர் கண்ணுக்கு நேராகத் தொங்கும். அவர் சும்மா இருக்கிற ஆளில்லை. இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள், "இது இன்னா மாப்ள, பின்னாடி செவப்பா?" என்று கேட்பார்.

நான் பேச மாட்டேன். நீ சொல்.

அம்மா